கஜ்ரோவுக்கு நான் மய்யத்து

என் ஒட்டகத்தைப் பொறுத்தவரை நான் செத்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. கல்கத்தாவிலிருந்து தலபாத்ரா பாபு மூன்று நாள் ஒட்டகச் சவாரிக்கு வந்து இறங்கியது அன்றைக்குத்தான்.

சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலைவனக் குடியிருப்பில் இருக்கிற பதினெட்டு வீட்டிலும் சிரித்து முடித்துவிட்டார்கள். மிஸ்ரி கான் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே மறந்துபோய், டீக்கடையில் என் தலை தெரிந்தால் போதும், "மய்யத்து வந்திருச்சு, ஒரு டீ போடு" என்பான் ஒருவன். "பொணத்துக்கு எதுக்குடா டீ?" என்பான் இன்னொருவன். முன்பென்றால் இதில் பாதிப் பேச்சுக்கே நான் கை ஓங்கியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபம்தான் என்னை மய்யத்து ஆக்கியது என்பதால், இப்போதெல்லாம் டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

கஜ்ரோ என்னுடைய ஒரே ஒட்டகம். பிறக்கும்போதே அவனுக்குக் கண்ணைச் சுற்றி மை தீட்டிய மாதிரி கறுப்பு, அதனால் அந்தப் பெயர். பிறந்த பதினோராம் நாள் தாயைப் பாம்பு கடித்துவிட்டது. நான்கு மாதம் ஆட்டுப்பாலைப் புட்டியில் ஊற்றி நான்தான் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் ரஜாய்ப் போர்வையில் பாதி அவனுக்கு. "உங்களுக்குப் பொறந்த புள்ளைய நீங்களே பாத்துக்குங்க, எனக்கு அடுப்பு வேல கெடக்கு" என்பாள் என் மனைவி ஹுர்மத். வளர்ந்த பிறகும், மேயப் போன இடத்திலிருந்து "ஹோ கஜ்ரியா, ஹோ ஹோ" என்று நான் ஒரு குரல் கொடுத்தால் போதும், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

குளிர்காலம்தான் ஆண் ஒட்டகத்துக்கு மதம் ஏறுகிற காலம். வெளியூர்க்காரர்கள் சவாரிக்கு வருகிற காலமும் அதுதான். இதை ஏன் இப்படி அமைத்தாய் என்று படைத்தவனைத்தான் கேட்க வேண்டும். கஜ்ரோவுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியை ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் என் பெரியப்பா மகன் இல்முதீன் அண்ணனின் பெண் ஒட்டகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். வாயில் நுரை தள்ளி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, சேணத்தோடு ஜோடியை மணலில் கொட்டிவிட்டான். அவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை, எழுந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுற்றி நின்ற ஒட்டகக்காரர்களும் சிரித்தார்கள். எவனோ செல்போனில் படம் வேறு எடுத்தான்.

எனக்குக் கண் இருண்டுவிட்டது. கையிலிருந்த கம்பால் அவன் முகத்திலேயே அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. கயிறு கட்டுகிற மூக்குக் குச்சி பிய்ந்து ரத்தம் கொட்டியது. அதற்குள் மற்றவர்கள் அவனைப் பிடித்துக் கட்டியிருந்தார்கள், எங்கேயும் ஓட முடியாது. இல்முதீன் அண்ணன் வந்து என் கையைப் பிடித்தபோதுதான் நிறுத்தினேன். புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கை. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒட்டகம் அன்றைக்கே திருப்பி அடிக்காது. வைத்திருந்து அடிக்கும். நான்கு நாள் என் கையால் தீனி எடுக்கவில்லை, என்னை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் நான் குனிந்து தீவனம் கொட்டும்போது என் தோளைக் கவ்வித் தூக்கிப் போட்டான். ஹுர்மத் சாணிக்கூடையை அவன் முகத்தில் எறிந்து கத்தியிராவிட்டால் என் மேல் உட்கார்ந்திருப்பான். அவன் சாதி ஆளைக் கொல்வது பல்லால் அல்ல. கீழே தள்ளி, நெஞ்சுக்கு அடியில் இருக்கிற கல் மாதிரியான காய்ப்பை ஆள் மேல் வைத்து அழுத்தும்.

"துணியக் குடுத்துருடா" என்றார் இல்முதீன் அண்ணன், என் தோளுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே.

எங்கள் பக்கத்தில் இதற்கு இதுதான் வழி. ஒட்டகத்துக்கு ஒருவன் மேல் வஞ்சம் விழுந்துவிட்டால், அவன் உடுத்தி வேர்த்த துணியில் புல்லைத் திணித்து, தலைப்பாகையும் சுற்றி, ஆள் படுத்திருக்கிற மாதிரி அதன் முன்னால் போட்டுவிட வேண்டும். அது மிதித்துக் கிழித்து அழுத்தி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளும்.

"அவன் மனசுல உன்னக் கொன்னு முடிச்சுட்டான்னா கோவம் தீந்துரும். ஆனா அதோட விடக் கூடாது. நாப்பது நாள் நீ அவன் கண்ணுல படாத, மூக்குல படாத. முக்கியமா உன் கொரல் அவன் காதுல விழவே கூடாது. தாடிய எடு, எண்ணெய மாத்து, புதுத் துணி போடு. நாப்பத்தொண்ணாம் நாள் புது ஆளாப் போயி தீனி வை. ஏத்துக்குவான். எங்க மாமனார் அப்படித்தான் பண்ணாரு."

"ஒங்க மாமனாருக்குப் பொறுமை இருந்துச்சு" என்றாள் ஹுர்மத். "இவருக்கு?"

அவள் வாய் முகூர்த்தம். துணியைப் போட்டுவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் தீவனக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நானும் இல்முதீன் அண்ணனும் பார்த்தோம். என் ஜிப்பாவை, என் கைலியை, என் தலைப்பாகையை அவன் என்ன பாடு படுத்தினான் என்று சொல்ல மாட்டேன். மண்டியிட்டு நெஞ்சை வைத்து அழுத்தியபோது எனக்கே விலா வலித்தது. அரை மணி நேரம் கழித்து எழுந்தான். ஆத்திரம் போய்விட்டது. பிறகு குனிந்து மூக்கால் அந்தத் துணியைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். பாலுக்கு அழும்போது குட்டியில் ஒரு சத்தம் போடுவான், தொண்டைக்குள்ளேயே. ஒன்பது வருஷமாகக் கேட்காத அந்தச் சத்தத்தைப் போட்டான்.

இல்முதீன் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். உதறிக்கொண்டு ஓடினேன். "ஹோ கஜ்ரியா! நான் இங்க இருக்கேண்டா! சாகலடா!"

அவன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். காலடியில் கிடந்த என்னைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு அலறலை நான் எந்த ஒட்டகத்திடமும் கேட்டதில்லை. முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினவனை இரண்டு நாள் கழித்து இல்முதீன் அண்ணன்தான் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அட மடையா, செத்தவன் எந்திரிச்சு வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா எந்த உசுருடா தாங்கும்?" என்று கத்தினார். "போ. மொதல்லேருந்து எண்ணு. இன்னொரு தடவ இப்படிப் பண்ணுன, இந்தச் சென்மத்துல அவன் உனக்கு இல்ல."

அப்படித்தான் எண்ணத் தொடங்கினேன். இரவில் அண்ணன் வீட்டில் படுக்கை. கஜ்ரோவை ஹுர்மத் பார்த்துக்கொண்டாள். அவளிடம் பூனைக்குட்டி மாதிரி இருந்தான். நானோ ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும் முன்னால் ஒரு பிடி மண்ணைத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நடந்தேன். சாயங்காலம் என் வீட்டு வேலியை நானே சுற்றிச் சுற்றி வருவேன். இடுக்கு வழியாக அவன் அசை போடுவதைப் பார்ப்பேன். காற்று கொஞ்சம் திரும்பினாலும் உள்ளே அவன் நடுங்க ஆரம்பித்துவிடுவான். நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடும். "போங்க, போங்க" என்று ஹுர்மத் உள்ளேயிருந்து கையால் விரட்டுவாள். எனக்கான தட்டை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். ஒரு நாள் அந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போது, நிஜமாகவே நான் செத்துவிட்டேனோ, இவர்கள் எல்லாம் என் மனசு நோகக் கூடாதென்று சொல்லாமல் இருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

முப்பத்தாறாம் நாள் தலபாத்ரா பாபு வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஒரு மஃப்ளர், இரண்டு முட்டியிலும் பட்டை. கஜ்ரோவுக்கு மதம் இறங்கிப் பல நாள் ஆகிவிட்டது. பாபுவை அவன் மேல் ஏற்றி இல்முதீன் அண்ணன் கயிற்றைப் பிடிப்பது, அண்ணனின் பெண் ஒட்டகம் லீலுவில் சாமான்களைக் கட்டிக்கொண்டு நான் காற்று பார்த்துப் பின்னால் வருவது என்று பேச்சு.

"இன்னும் நாலே நாளு. பொறுக்க முடியாதா உங்களுக்கு?" என்றாள் ஹுர்மத்.

"அண்ணனுக்கு ரொட்டி சுடத் தெரியாது. அந்தக் கெழவர் பட்டினி கெடப்பாரு."

"ரொட்டிக்கா போறீங்க?"

ரொட்டிக்காகப் போகவில்லைதான். அவன் நடப்பதைப் பின்னாலிருந்தாவது மூன்று நாள் பார்க்கலாம் என்று போனேன்.

முதல் நாள் முழுக்க மண்மேடுகளில் அவன் வாலையும் பாபுவின் குல்லாவையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாயங்காலம் அவர்கள் ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது பாபு முட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மிஸ்ரி பாய், நீ ஏன் அவ்வளவு தூரத்துல வர்றேன்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். நீ செத்துப் போயிட்டியாம். அவரு சிரிக்கவே இல்ல."

"ஆமா பாபு. ஒட்டகத்துக்கு மட்டும்."

அவர் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை விரலால் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கொடுத்தேன். "எங்க வீட்டுப் பெரியவர் செத்தப்ப, வீட்டு நாய் ஒரு மாசம் அவர் செருப்பு மேலயே படுத்திருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முற்பகலில், வன்னி மரங்கள் நான்கைந்து நிற்கிற ஒரு பள்ளத்தில் தங்கினோம். நாங்கள் சுற்றிக்கொண்டு வந்திருந்தாலும், வீட்டிலிருந்து நேராக மேற்கே மூன்று மணி நேர நடைதான் அது. அதற்கும் மேற்கே கிணறு கிடையாது, குடியிருப்பு கிடையாது. எல்லைக் கம்பிவேலிதான். காலையிலிருந்து மேல்காற்று. அதனால் நான் கிழக்கு மேட்டுக்குப் பின்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். லீலு தளைக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டதென்று இல்முதீன் அண்ணன் தேடப் போனார். போகும்போது, "பாபு, இவன் உக்காந்தே இருப்பான். நான் வர்ற வரைக்கும் ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பூகோள வாத்தியார் கேட்பாரா? ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒட்டகத்தின் மேலிருந்து தானே ஒரு படம் எடுக்க வேண்டுமென்று ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

அடுப்புப் புகை என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது என்னை விட்டு விலகி மேற்கே சாய்ந்தது. காற்று திரும்பிவிட்டது. எனக்குப் புரிவதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் அந்த அலறல் கேட்டது. கூடவே பாபுவின் அலறல்.

ஏறிப் பார்த்தபோது கஜ்ரோ மேற்கே பறந்துகொண்டிருந்தான். பாபு சேணத்தின் முன்கட்டையைக் கட்டிப்பிடித்திருந்தார். தண்ணீர்ப் பைகளை மட்டும் கஜ்ரோவின் சேணத்தில் கட்டியிருந்தோம், எல்லாத் தண்ணீரும் அவர்களோடு போனது. இல்முதீன் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. ஓடினேன்.

ஒரு மணி நேரம் கால்தடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியிருப்பேன். என் வாடை போகிற பாதையை விட்டு ஒதுங்கி, பள்ளங்கள் வழியாகவே போனேன். கடைசியில் ஒரு மேட்டு நுனியில் அவனைக் கண்டேன். எருக்கம் புதர் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றான். பாபு இன்னும் மேலேதான் இருந்தார். குல்லா திரும்பிப்போய் ஒரு கண்ணை மறைத்திருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்க அந்த முட்டிகளால் ஆகாது. "ஜே, ஜே" என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி உட்காரச் சொல்லிப் பார்த்தார். அந்நியன் சொன்னால் அவன் உட்காரவே மாட்டான். இரண்டு வாய் தின்றுவிட்டு மேற்கே நாலு எட்டு வைத்தான். மறுபடி தின்றான். மறுபடி மேற்கே.

புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. பள்ளம் வழியாகச் சுற்றி மேற்குப் பக்கம் போய், முகத்தைக் காட்டி, குரல் கொடுத்தால் போதும். பயந்து கிழக்கே ஓடுவான். மறுபடி நின்றால் மறுபடி காட்ட வேண்டும். அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம். ஆனால் செத்தவன் திரும்பத் திரும்ப எழுந்து வந்து விரட்டினால், பிறகு எந்தப் புதுத் துணியும் எந்தப் புது எண்ணெயும் உதவாது. முப்பத்தேழு நாள் போய், மூன்றே நாள் பாக்கி. அண்ணன் எப்படியும் தடம் பார்த்து வருவார், கொஞ்சம் பொறு என்றது மனசு. ஏறாதே என்று சொல்லியும் ஏறின கிழவனுக்காக என் பிள்ளையை நான் ஏன் இழக்க வேண்டும் என்றது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். நல்லவன் மாதிரி இங்கே நடிக்கப் போவதில்லை.

அப்போது பாபு அழ ஆரம்பித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சின்னப் பிள்ளை மாதிரி "மா... மா" என்று மெதுவாக அழுதார். சனியன் பிடித்த கிழவன். எழுந்து பள்ளத்தில் இறங்கினேன்.

மேற்கு மேட்டில் ஏறி, முகத்தில் சுற்றியிருந்த துணியை எடுத்தேன். முதலில் திட்டிப் பார்த்தேன். "டேய் நாயே! ஓடுடா!" காதை மட்டும் ஆட்டினான், திட்டுகிற குரலில் என்னை அடையாளம் தெரியாமல், எவனோ கத்துகிறான் என்று நின்றான். கல்லை விட்டெறிந்தேன். கொஞ்சம் நகர்ந்தான், அவ்வளவுதான். வேறு வழியில்லை. கையை வாய்க்குக் குவித்து அவன் பால்குடியில் கேட்ட அதே இழுப்பில் கூப்பிட்டேன்.

"ஹோ கஜ்ரியா... ஹோ... ஹோ..."

அவன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியதை அங்கிருந்தே பார்த்தேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பிறகு கிழக்கே பாய்ந்தான்.

அந்த மத்தியானம் முழுக்க நான் பேயாக வேலை பார்த்தேன். அவன் வேகம் குறைந்து தெற்கே ஒதுங்கினால் தெற்கு மேட்டில் போய் நிற்பேன். வடக்கே ஒதுங்கினால் வடக்கே நிற்பேன். ஒவ்வொரு தடவையும் அதே அன்பான குரல். பயத்தில் பாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "மிஸ்ரி பாய்! கிட்ட வாய்யா! என்னைய எறக்கி விடு! ஏன்யா தூரத்துல நின்னு பாட்டுப் பாடுற, மனுஷனா நீ?" என்று கத்தினார். பதில் சொல்ல முடியாது. அந்தக் கூப்பாட்டுக்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அவன் எந்தப் பக்கம் பாய்வான் என்று தெரியாது. ஐந்தாவது தடவைக்கு அப்புறம் பாபு கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு போனார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையைத் தூக்கிக் காட்டினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் குடியிருப்புக்கு மேலே இருக்கிற கடைசி மேட்டுக்கு வந்துவிட்டோம். கீழே புகை எழும்பியது. எங்கள் வீட்டு முற்றத்தில் ஹுர்மத்தின் சிவப்பு முக்காடு தெரிந்தது. எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, அப்புறம் அவன் இறங்கிவிடுவான் என்று கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை. பாதியில் உடைந்து, யாரோ அழுகிற மாதிரி வந்தது.

கஜ்ரோ நின்றான். திரும்பினான். என்னை நோக்கி ஒரு அடி வைத்தான்.

நாலு காலும் நடுங்கின. வாயிலிருந்து நுரை ஒழுகியது. நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டான். ஆனாலும் இன்னொரு அடி வைத்தான். தொண்டைக்குள் அந்தக் குட்டிச் சத்தம். செத்தவனானாலும் பரவாயில்லை, போகிறேன் என்று வந்துகொண்டிருந்தான். அல்லா, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வார்த்தை இல்லை. பேயைப் பார்த்து ஓடாமல் பேயிடமே வருகிற அளவுக்கு என் மேல் அவனுக்கு என்ன இருந்திருக்கும்! முகத்தில் அடித்து மூக்கைக் கிழித்தவன் மேல்!

அப்போதுதான் சேணத்தைக் கவனித்தேன். ஓடின ஓட்டத்தில் வயிற்றுப் பட்டை தளர்ந்து, சேணம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. பாபு அதோடு சரிந்து தொங்கிக்கொண்டிருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. இன்னொரு தடவை இவன் பாய்ந்தால் அவர் இவன் காலடியில்தான். நான் கை நீட்டினால் பாய்வான். பேசினால் பாய்வான். அசைந்தாலே பாய்வானோ என்னவோ.

அவன் அடுத்த அடி வைப்பதற்குள் நான் அப்படியே மெதுவாகக் கீழே சரிந்து மணலில் மல்லாந்து படுத்துவிட்டேன். கண்ணை மூடினேன். ஒட்டகத்துக்கு முன்னால் மனிதன் படுப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். நெஞ்சை வைத்து அழுத்த வேண்டுமென்றாலும் அவன் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். மண்டியிட்டால் பாபு இறங்கிக்கொள்வார். என் கணக்கு அவ்வளவுதான். சாகப் போகிறவன் சொல்கிற கலிமாவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவன் பாதங்கள் மணலில் புதைகிற சத்தம் கிட்டே வந்தது. மூச்சு முகத்தில் பட்டது, எருக்கம்பால் வாடையோடு. மூக்கால் என் கழுத்தைத் தொட்டான். தோளைத் தொட்டான், அவன் கடித்த தோளை. புரட்டிப் பார்த்தான். புரளாமல் கிடந்தேன். பிறகு முன்னங்கால் மடிகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

கனம் என் மேல் இறங்கவில்லை. பக்கத்தில் இறங்கியது. முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், மணல் நெரிய உட்கார்ந்தான். கழுத்தை நீட்டி என் நெஞ்சின் குறுக்கே வைத்தான்.

பாபு வழுக்கி மணலில் விழுந்தது கேட்டது. முனகினார். எழுந்தார். என் கால்மாட்டுக்கு வந்தார். "மிஸ்ரி பாய்" என்று வாயெடுத்துவிட்டு, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பிறகு நொண்டி நொண்டி மேட்டிலிருந்து இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. நல்ல மனுஷன். மத்தியானம் திட்டினதற்கு மன்னித்துவிட்டேன்.

கஜ்ரோவின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கழுத்து சூடாக இருந்தது. அவன் அசை போட ஆரம்பித்தான். என் நெஞ்சுக்கு மேலேயே அந்த அசை ஏறி இறங்கியது, ரஜாய்க்குள் கிடந்த நாட்களில் கேட்ட மாதிரியே. கையைத் தூக்கி அவன் காதுக்குப் பின்னால் சொறிய வேண்டும்போல் விரலெல்லாம் துடித்தது. மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட வழியில்லை.

கொலுசுச் சத்தம் மேடேறி ஓடி வந்தது. ஹுர்மத். பாபு என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ. கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கயிற்றை எடுத்து மெதுவாக இழுத்தாள். கஜ்ரோ எழவில்லை. "வாடா கண்ணு, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவன் கழுத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டான்.

அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். குனிந்து, அவன் காதில் விழாதபடி, காற்றைவிட மெல்லக் கேட்டாள்.

"ஏங்க... உசுரோடதான இருக்கீங்க?"

கண்ணைத் திறக்காமல் மய்யத்தாகவே கிடந்தேன்.